முதியோர் இல்லத்தில் ஒரு திங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்திற்குச் செல்லும் பெருவழியில் ஐயம்பேட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. பட்டு நெசவு இவ்வூர் மக்களின் பழந்தொழில். யான் சிறுவனாயிருந்த நாளில், விடியற்பொழுதில் இவ்வூர்த் தெருவில் நடந்து செல்வோர் செவியில் முதலில் விழுவது தறியோசையே. வீட்டினுள், தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து குடும்பத் தலைவர் நெய்துகொண்டிருப்பார். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையாயின், ஒருபுறக் கரைக்குரிய நாடாவைச் செலுத்த மற்றொருவர் அருகில் அமர்ந்திருப்பார். திண்ணையிலோ, அவ்வீட்டு மூதாட்டி இராட்டையைச் சுழற்றித் தார் சுற்றிக்கொண்டிருப்பார். அவருக்குக் கண் மங்கியிருக்கும், செவியும் மந்தமாயிருக்கும். எனினும், இழை அறுந்ததை அவர் விரல் உடனே அறியும். "ஆயா, தார்!" என்று உள்ளிருந்து குரல் எழும். அக்குரல் ஒரு நாளில் எத்தனை முறை எழுந்தது என்று எண்ணினார் இலர். ஆயா தார் கொடாவிடின் தறி நின்றுவிடும் என்பதை மட்டும் அனைவரும் அறிந்திருந்தனர்.

மாணவர்களே! அம்மூதாட்டிக்கு வீட்டார் சோறும் துணியும் அளித்தனர். அவற்றோடு, நாள்தோறும் பன்முறை அவரை வேண்டி அழைத்தனர். முதுமையில் உணவும் உறையுளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது பிறர் தம்மை வேண்டியழைக்கும் குரல் என்பது என் துணிபு. இக்கருத்தை உளத்திற்கொண்டு, நம் நாட்டில் பெருகிவரும் முதியோர் இல்லங்களைப் பற்றியும், அங்கு ஒரு திங்கள் எவ்வாறு கழிகின்றது என்பதைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

இத்தகைய இல்லங்கள் ஏன் தோன்றின? 2011-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டனர். நாட்டு மக்களுள் அவர்கள் நூற்றுக்கு 8.6 பங்கினர், தமிழ்நாட்டிலோ அப்பங்கு 10-க்கும் மேற்பட்டது. மருத்துவம் வளர்ந்தமையால் வாழ்நாள் நீண்டது. இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும், அதே காலத்தில் ஒரு வீட்டில் பிறக்கும் பிள்ளைகளின் தொகை குறைந்தது. எங்கள் வட்டாரத்து இளைஞர் பலர் தறியை விடுத்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சிலர் கடல் கடந்தும் சென்றனர். தறி நின்ற வீட்டில் இராட்டையும் நின்றது. பிள்ளைப்பேறு இல்லாதாரும், பிள்ளைகளை இழந்தாரும், துணையற்ற கைம்பெண்டிரும் தனித்து விடப்பட்டனர். பிள்ளைகள் இருந்தும் கைவிடப்பட்டோர் உளர் என்பதும் மறைத்தற்குரியதன்று.

யான் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், "முதியோர் இல்லம் என்பது தமிழர் பண்பாட்டிற்கு நேர்ந்த இழுக்கு" என்று வகுப்பில் பலமுறை உரத்துக் கூறியதுண்டு. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "ஐயா, என் பெரிய பாட்டி அத்தகைய இல்லத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தாயாரோ நோயாளி. அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. திங்கள்தோறும் நானும் என் தந்தையும் சென்று பார்த்து வருகிறோம். நாங்கள் செய்தது இழுக்கா, ஐயா?" என்று கேட்டாள். யான் விடையின்றி நின்றேன். பல நூல்களைக் கற்ற எனக்கு அச்சிறுமியின் வினா புதியதொரு பாடமாயிற்று. அடுத்த நாள் அதே வகுப்பில், யான் கூறியது முற்றும் சரியன்று என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று முதல் இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கலானேன். இல்லாதாரையும் நலிந்தாரையும் ஓரிடத்தில் வைத்துப் பேணும் வழக்கம் நமக்குப் புதியதன்று என்பதற்கு எங்கள் ஊருக்கு அண்மையிலேயே சான்று உள்ளது. வாலாஜாபாத்திற்குத் தெற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கின்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலையை, அஃதாவது மருத்துவ நிலையத்தை, அது விரித்துரைக்கின்றது. அங்குப் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்துச் செடியும் விறகும் கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகிய ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நிலையம் கோயிற் பணியாளர்க்கும் அங்குக் கல்வி பயின்ற மாணவர்க்கும் உரியதாயிருந்தது. "வீட்டில் பேணுவாரிருந்தால் பேணட்டும்" என்று முன்னோர் வாளா இருந்தாரல்லர். பேணுதற்கென்று ஓர் ஏற்பாட்டையே கல்லில் எழுதிவைத்தனர்.

நம் காலத்திலும் இத்தகைய ஏற்பாடுகள் எழுந்துள்ளன. 1978-ஆம் ஆண்டில் சாவித்திரி வைத்தி அம்மையார் தம் தோழியருடன் சேர்ந்து, ஆதரவற்ற முதியோர்க்காகச் சென்னையில் 'விச்ராந்தி' என்னும் இல்லத்தைத் தோற்றுவித்தார். அரசும் தன் கடமையை மறக்கவில்லை. 1962-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை திங்களுக்கு 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. அது படிப்படியாக வளர்ந்து 2023-ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்று வரையறுத்தது. மூத்தோரைப் பேணும் பொறுப்புடையார் அவரைக் கைவிட்டுச் சென்றால், மூன்று திங்கள் வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ உண்டு என்று கூறிற்று. வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தை, மாவட்டத்திற்கு ஒன்றாகத் தொடங்கி அமைப்பதற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆனால், சட்டம் சோற்றை அளிக்கச் செய்யும். கூரையை அளிக்கச் செய்யும். "ஆயா, தார்!" என்னும் அழைப்பை எச்சட்டம் அளிக்கும்?

எங்கள் வட்டாரத்திலுள்ள ஓர் இல்லத்திற்கு யான் ஓய்வு பெற்றபின் அடிக்கடி செல்வதுண்டு. ஏறத்தாழ முப்பதின்மர் அங்கு வாழ்கின்றனர். அங்கு ஒரு திங்கள் கழியும் முறையைக் கூறுகின்றேன், கேளுங்கள்.

திங்களின் முதல் வாரம் சற்று ஆரவாரம் உடையது. உதவித்தொகை வரும் நாள்கள் அவை. கையில் பணம் வந்ததும் ஒருவர் வெற்றிலை வாங்கி வரச் சொல்வார். மற்றொருவர் பெயரனுக்கென்று அஞ்சறைப் பெட்டியில் பத்து ரூபாய்த் தாள்களைச் சேர்த்து வைப்பார். அப்பெயரன் வந்து மூன்றாண்டாயிற்று என்பதை அவர் கணக்கிடுவதில்லை. இரண்டாம் வாரத்தில் மருத்துவர் வந்து குருதியழுத்தம் பார்ப்பார். நீரிழிவு உடையார்க்கு மருந்தளவை மாற்றுவார். நாவிதர் வந்து முடி திருத்துவார். அன்றைய நாள் முழுவதும் கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிறுவர்போல நகைத்துக்கொண்டிருப்பர். அமாவாசையன்று மூதாட்டியர் நீராடிக் காக்கைக்குச் சோறு வைப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறித்தவ அம்மையார் ஒருவரைத் தேவாலயத்திற்கு அழைத்துச் செல்ல வண்டி வரும். அன்று மாலையில் தொலைபேசி ஒலிக்கும். யார்க்கு அழைப்பு வந்ததோ அவர் முகம் மலரும். ஏனையோர் வேறெங்கோ பார்த்திருப்பர்.

இவற்றிடையே விருந்துகளும் உண்டு. பிறந்த நாளையும் மணநாளையும் முன்னிட்டுச் செல்வர் சிலர் வந்து உணவளிப்பர். அவர்களது நல்லெண்ணத்தை யான் குறை கூறேன். ஆயினும் நிகழ்வது யாது? ஒரே நாளில் இரு குடும்பத்தார் விருந்தளிப்பர். நீரிழிவு உடையார் இலையில் மூவகை இனிப்பு இருக்கும். இலையில் உணவு ஆறிக்கொண்டிருக்க, படம் பிடிக்கும் வரை முதியோர் காத்திருப்பர். பிறகு வண்டிகள் புறப்பட்டுச் செல்லும். அடுத்த பதினைந்து நாள் வாயிற்கதவைத் திறப்பார் ஒருவரும் இரார். ஒரு விருந்து முடிந்த மாலையில் மூதாட்டி ஒருவர் என்னிடம், "எல்லாரும் வயிறு நிறைந்ததா என்று கேட்டார்கள், வாத்தியாரையா. என் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது என் நெஞ்சை மிகுதியும் வருத்திற்று.

அவ்வில்லத்தில் முதிய நெசவாளர் ஒருவர் இருந்தார். ஐம்பதாண்டு பட்டு நெய்தவர். மனைவியை இழந்து, தறியையும் விற்றபின் அங்கு வந்து சேர்ந்தார். அவர் எவரோடும் பேசுவதில்லை. நாள் முழுதும் கட்டிலில் அமர்ந்திருப்பார். வலக்கை மட்டும் அவ்வப்போது நாடாவைத் தள்ளுவது போல அசையும். அவருக்கு அறிவு மயங்கிவிட்டது என்று சிலர் எண்ணினர். இல்லத்தின் தலைவி அவ்வாறு எண்ணவில்லை. அந்த அம்மையார் பழைய இராட்டை ஒன்றைத் தேடி வாங்கினார். அண்மையிலிருந்த நெசவாளர் ஒருவரிடம் பேசி, சுற்றவேண்டிய சிட்ட நூலை வாரந்தோறும் கொடுத்தனுப்பச் செய்தார். முதல் நாள் அப்பெரியவர் இராட்டையைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள், இராட்டை சரியாகப் பூட்டப்படவில்லை என்று கூறி, எழுந்து வந்து அதைத் திருத்தினார். மூன்றாம் நாள் நூல் சுற்றத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அந்நெசவாளரின் மகன் மிதிவண்டியில் வந்து, "தாத்தா, தார் ஆயிற்றா?" என்று கேட்பான். வெள்ளியன்று விடியலிலேயே பெரியவர் சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி உடுத்து, வாயிலருகில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். கிடைத்த சிறு கூலியில் தம் அறையிலுள்ளார் அனைவர்க்கும் காப்பி வாங்கித் தருவார். அவர் உண்ட மருந்தும் உணவும் முன்பிருந்தனவே. வாரத்தில் ஒருநாள் தம்மை நாடி ஒருவன் வருவான் என்பது ஒன்றே புதிது.

"முதுமை ஓய்வுக்குரிய பருவமன்றோ? வாழ்நாளெல்லாம் உழைத்தாரை மீண்டும் உழைக்கச் செய்தல் கொடுமையன்றோ?" என்று சிலர் வினவலாம். வினா தக்கதே. பிறர் ஏவலால், வயிற்றின் பொருட்டு, தளர்ந்த உடலை வருத்தி உழைப்பது கொடுமைதான். அத்தகைய உழைப்பை யான் வேண்டவில்லை. தாமே விரும்பித் தம்மால் இயன்ற அளவு செய்யும் பணி வேறு. அது வேண்டுமெனில் செய்வதும், வேண்டாவெனில் விடுவதும் அவர் உரிமை. பூத்தொடுக்க அறிந்தவர் பூத்தொடுக்கலாம். ஊறுகாய் இடும் பக்குவம் அறிந்தவர் அதனைச் சமையற்கூடத்தார்க்குக் கற்பிக்கலாம். கணக்கறிந்தவர் இல்லத்தின் மளிகைக் கணக்கைப் பார்க்கலாம். படுக்கையிலேயே கிடப்பவர்க்கும் நினைவு மறந்தவர்க்கும் இவை பொருந்தா என்பதை யான் அறிவேன். அவர்க்கும் பெயர் சொல்லி அழைக்கும் குரலும், கையைப் பற்றிக்கொள்ளும் ஒரு கையும் பொருந்தும் அன்றோ? ஓய்வு என்பது இரு வேலைகளுக்கு இடையே இனிக்கும். வேலையே இல்லாதார்க்கு அது தனிமை என்னும் வேறு பெயர் பெறும்.

ஆதலின், ஒரு முதியோர் இல்லத்தின் தரத்தை அறிய விரும்புவோர் விருந்து நாளில் அங்குச் செல்லுதல் ஆகாது. விழாவும் விருந்தும் இல்லாத ஒரு வெறும் நாளில் பிற்பகலில் செல்லவேண்டும். அங்குள்ளார் எதையேனும் செய்துகொண்டிருக்கின்றனரா, எவர் வரவையேனும் எதிர்நோக்கியிருக்கின்றனரா என்று காணவேண்டும். சுவரின் வண்ணமும் தரையின் பளபளப்பும் அதன் பின்னரே காணத்தக்கன.

மாணவர்களே! உங்களால் இயல்வது யாது? பொருளுதவி செய்யும் ஆற்றல் உங்களிடம் இல்லாமலிருக்கலாம், அதைப்பற்றி வருந்தவேண்டா. நால்வர் ஐவராகச் சேர்ந்து, இல்லத்தாரின் இசைவு பெற்று, திங்களில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாளில் தவறாது செல்லுங்கள். ஒருமுறை சென்று பின் செல்லாதிருத்தலைவிடச் செல்லாமலேயே இருத்தல் நன்று. ஏனெனில், எதிர்நோக்கி ஏமாறுதல் முதியோர்க்குப் பெருந்துன்பம். கொடுக்கச் செல்வதாக எண்ணாது, பெறச் செல்வதாக எண்ணுங்கள். அவர்கள் பெயரையும் பிறந்த ஊரையும் கேளுங்கள். பாவு தோய்க்கும் முறை எது, பஞ்ச காலத்தில் எதை உண்டனர், திண்ணைப் பள்ளியில் எவ்வாறு எண் எழுதினர் என்று கேளுங்கள். கேட்டவற்றை ஏட்டில் எழுதி, அடுத்த முறை அவர்க்கே படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர் திருத்துவார். அத்திருத்தமே நீங்கள் அவர்க்குச் செய்யும் சிறப்பு.

முதியோர் எவரேனும் கைவிடப்பட்டதையோ துன்புறுத்தப்பட்டதையோ நீங்கள் கண்டால், பெரியோரிடம் உடனே கூறுங்கள். முதியோர்க்கென அரசு அமைத்துள்ள 14567 என்னும் தொலைபேசி எண்ணையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் ஒன்று. முதியோர் இல்லத்தில் மட்டுமே தனிமை உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாள் முழுதும் அமர்த்தப்பட்டு, நேரத்திற்கு உணவு பெற்று, எவராலும் அழைக்கப்படாத பாட்டனார் ஒருவர் இருக்கலாம். மகன் வீட்டில் இருக்கின்றார் என்பதனால் அவர் தனிமை குறைந்துவிடாது. இன்று பள்ளியினின்று சென்றதும் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். அறுந்த பொத்தானைத் தைத்துத் தரச் சொல்லுங்கள். கணக்கு ஒன்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர் முகத்தில் தோன்றும் மாறுதலை நீங்களே காண்பீர்கள்.

தைத்திங்களில் பொங்கலையொட்டி எங்கள் பகுதியில் பார்வேட்டை விழா நிகழும். காஞ்சி வரதராசப் பெருமாள் தம் கோயிலை விட்டுப் புறப்பட்டு, முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் சென்று, பாலாற்றைக் கடந்து, யான் முன்னர்க் கூறிய திருமுக்கூடலை அடைவார். வழியெங்கும் மக்கள் திரண்டு நிற்பர். ஆண்டு முழுதும் நடக்க இயலாமல் கிடந்த முதியோரையும் அன்று கட்டிலோடு தூக்கி வந்து வாயிலில் அமர்த்துவர். கோயிலுக்குச் செல்ல இயலாதார் இருக்குமிடத்திற்குப் பெருமாளே வருகின்றார் என்று அவர்கள் கண்ணீர் மல்கக் கூறுவர். சென்ற ஆண்டு அந்நெசவாளப் பெரியவரையும் இல்லத்தார் வண்டியில் அழைத்து வந்திருந்தனர். பெருமாளைக் கண்டு தொழுதபின், "ஆண்டுக்கு ஒருநாள் பெருமாள் வருகிறார், வாரத்திற்கு ஒருநாள் அந்தப் பையன் வருகிறான். எனக்கு வேறென்ன குறை, ஐயா?" என்றார்.

மாணவர்களே! நீங்கள் அப்பையனைப் போல இருத்தல் வேண்டும்.